கரை: வடக்கு

"நான் சொன்னேன் மேடம். சரியாத்தான் சொன்னேன்" என்றார் தனிஸ்லாஸ்.

குருவம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"தெற்குன்னு அடிச்சேன். என் கையால அடிச்சேன். அடிச்சது மெஷின்ல பதிவாயிருக்கு. வேணும்னா பாருங்க."

"பார்த்தேன்."

"அப்ப எம்மேல தப்பில்லல்லா?"

குருவம்மா தன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் இப்படித்தான். கேட்ட கேள்விக்குப் பதில் வராது, கேட்காத கேள்விக்கு வரும். எனக்குப் பக்கத்து மேசை. அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபமாகவே இருந்தது.

சனிக்கிழமை. மீன்பிடிக்கப் போன ஒரு வள்ளம் காணாமல் போய் மூன்றாம் நாள். மதியம் இரண்டு மணிக்கே வெளியே இருட்டிக்கொண்டு தூறிக்கொண்டிருந்தது.

எங்கள் வேலை சின்ன வேலை. கடல் சீறப்போகிறது என்று மேலிடத்திலிருந்து தகவல் வரும். அதை மீனவர்களுடைய செல்போனுக்கு மெசேஜாக அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஆறு மேசை, ஒரு ஏசி, சுவரில் ஒரு நோட்டீஸ்.

குருவம்மாவின் பெயர் தில்லைநாயகி. முப்பத்துநான்கு வயது. எங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. எந்தப் புரோகிராம் கிளம்பாமல் நின்றாலும் அவரிடம்தான் போவோம். கிண்டலாகத்தான் குருவம்மா என்று ஆரம்பித்தோம். கிண்டல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

தனிஸ்லாஸுக்கு ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடம் கரையில் வயர்லெஸ் செட் முன்னால் உட்கார்ந்து படகுகளோடு பேசியவர். அந்த வயர்லெஸ் நிலையத்தை மூடியபோது இங்கே அனுப்பினார்கள். கம்ப்யூட்டரை குருவம்மாவிடம்தான் கற்றுக்கொண்டார். நோட்டுப் போட்டு எழுதி எழுதிக் கற்றுக்கொண்டார்.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தெற்குக் கரைக்கு எச்சரிக்கை வந்தது. தனிஸ்லாஸ் அனுப்பினார். எட்டாயிரத்துச் சொச்சம் மெசேஜ் போனது என்று திரை காட்டியது.

எல்லாம் வடக்குக் கரைக்குப் போயிருந்தது.

அங்கே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம்.

தெற்கில் ஒரு வள்ளம் நாலு மணிக்குக் கிளம்பியது. அதில் மூன்று பேர். ஒருவர் மரிய ரூபன், தனிஸ்லாஸின் தங்கை செசிலியின் கணவர்.

"எனக்கு ஒரு வரி வேணும் மேடம்" என்றார் தனிஸ்லாஸ்.

"என்ன வரி?"

"இன்னார் கட்டளையைச் சரியாகக் கொடுத்தார். அந்த ஒரு வரி. நீங்க கையெழுத்துப் போட்டுத் தாங்க. அதை எடுத்துட்டுத்தான் தங்கச்சி வீட்டுக்குப் போவணும். மூணு நாளா போவல. வெறுங்கையோட அவ முகத்தைப் பாக்க முடியாது."

குருவம்மா தட்டச்சு செய்தார். பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். நீட்டினார்.

இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று தனிஸ்லாஸ் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

"இது உண்மைதானே மேடம்?"

"உண்மைதான். பொய்யில நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். குடையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனார். அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். கட் செய்தார்.

கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்தார்.

"நான் சரியாச் சொன்னேன்ல்லா. அப்புறம் ஏன் மேடம் அந்த மெஷினுக்குக் கேக்கல?"

குருவம்மா முதல் தடவையாக நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

"உட்காருங்க சார்."

---

இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நடந்தது புரியாது.

எங்கள் புரோகிராம் ஒரு கன்டெய்னருக்குள் இருக்கிறது. துறைமுகத்தில் லாரியில் போகும் இரும்புப் பெட்டி இல்லை. ஆனால் அதே எண்ணம்தான். புரோகிராமையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒன்றாகப் பெட்டி கட்டி மூடிவிடுவது. எந்த மெஷினில் வைத்தாலும் ஓடும்.

பெட்டி ஓட ஆரம்பித்தபின் அதனோடு பேச முடியாது. சொல்ல வேண்டியதைக் கிளப்பும்போதே சொல்லிவிட வேண்டும். கிளப்பும் கட்டளையின் கடைசியில் "தெற்கு" என்று ஒரு சொல் சேர்த்தால் தெற்குக் கரை. ஒன்றும் சேர்க்காவிட்டால் அது தானாக வடக்கு என்று எடுத்துக்கொள்ளும். முதலில் எங்களிடம் இருந்தது வடக்கு மட்டும்தான். தெற்கைப் போன மாதம்தான் எங்களிடம் கொடுத்தார்கள்.

கொடுத்ததும் சோதித்துப் பார்த்தோம். சோதித்தது நான். பெட்டிக்கு வெளியே, புரோகிராமை மட்டும் தனியாக ஓட்டிச் சோதித்தேன். தெற்கு என்றேன், தெற்கு என்றது. சரி என்று எழுதிக் கொடுத்தேன்.

பெட்டிக்குள் வைத்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எதற்கு என்றுகூட இப்போது நினைவில்லை.

---

குருவம்மா சோதனை மெஷினின் பின்பக்கம் குனிந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்கினார். இனி எது ஓடினாலும் யாருக்கும் மெசேஜ் போகாது.

"கிளப்புங்க சார்."

தனிஸ்லாஸ் கட்டளையை அடித்தார். கடைசியில் தெற்கு என்று சேர்த்தார்.

திரையில் வரிகள் ஓடின. கடைசியில் "தயார்" என்று வந்தது.

"முதல் வரிக்குப் போங்க."

மேலே தள்ளினார்.

கரை: வடக்கு.

முதல் வரி எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. புதன்கிழமையும் இருந்தது. முதல் வரியை எங்களில் யாரும் படிப்பதில்லை. கடைசி வரியைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

"மறுபடி."

மறுபடி அடித்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தார்.

கரை: வடக்கு.

"வேற ஏதாவது சொல்லிப் பாருங்க."

"என்ன சொல்ல?"

"எது வேணும்னாலும்."

தூறல் பலத்து ஜன்னலில் தட்ட ஆரம்பித்தது. தனிஸ்லாஸ் அடித்தார். அவர் அடிப்பதை நான் எழுத்து எழுத்தாகப் பார்த்தேன்.

மரிய ரூபன். அடுத்து வள்ளத்தில் போன மற்ற இருவர், ஆரோக்கியராஜ், பனிமயதாசன்.

மூன்று பெயரையும் கட்டளையின் கடைசியில் வைத்துக் கிளப்பினார்.

கரை: வடக்கு. தயார்.

தனிஸ்லாஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயர்லெஸ்ல இப்படி இல்ல மேடம்" என்றார். "நாம ஒண்ணு சொன்னா, கேட்டுச்சுன்னு அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லுவான். சொல்லலேன்னா விடமாட்டோம். சொல்லுற வரைக்கும் கத்துவோம். இது என்னத்தச் சொன்னாலும் தயார்ங்குது."

"பெட்டி வாசல்ல யாரு நிக்கிறது?"

"வாசல் ஸ்கிரிப்ட்."

"திறங்க."

பெட்டி கிளம்பியதும் முதலில் விழித்துக்கொள்வது புரோகிராம் இல்லை. வாசலில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், நாலைந்து வரிக் கட்டளை, இருக்கிறது, அதுதான். வெளியே நாம் சொல்லும் சொல் அதன் கையில்தான் முதலில் விழும். அது உள்ளே போய்ப் புரோகிராமை எழுப்பும்.

தனிஸ்லாஸ் திறந்தார். மூன்றே வரி.

"சத்தமாப் படிங்க."

"நேரத்தைச் சரிபண்ணு" என்று படித்தார். "பழைய குப்பையை அள்ளிப் போடு. புரோகிராமை எழுப்பு."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

"நீங்க சொன்ன தெற்கு எங்க?"

தனிஸ்லாஸ் மூன்று வரியையும் மறுபடி படித்தார். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

"இவன் கையில வாங்கியிருக்கான்" என்றார். "உள்ள சொல்லல."

"ம்."

"எழுப்பினான். ஆனா என்ன சொல்லி விட்டாங்கன்னு சொல்லல." குரல் ஏறியது. "எவன் மேடம் இதை எழுதினது? எந்த மடையன் எழுதினது?"

குருவம்மா திரையைச் சற்று மேலே தள்ளினார். வரிகளுக்கு மேலே எழுதியவர் பெயரும் தேதியும் இருந்தன.

தேதி இரண்டு வருடம் பழையது. பெயர் தனிஸ்லாஸ்.

ஏசியை யாராவது அணைத்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"நான் கத்துக்கிட்டு முதமுதலா எழுதினது இது" என்றார் தனிஸ்லாஸ். "நீங்ககூட நல்லாருக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்பல்லாம் ஒரே கரைதான் மேடம். உள்ள கொடுக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"ஆமா."

"பின்னால ரெண்டாவது கரை வரும்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

அவர் சொன்னது எல்லாமே உண்மைதான். குருவம்மா ஒன்றையும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவருக்குச் சண்டை போட ஏதாவது கிடைத்திருக்கும்.

தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மூன்றாவது வரியின் கடைசிக்குப் போனார். ஒரு டாலர் குறி, அதை ஒட்டி மெயில் முகவரியில் வருமே அந்தச் சுழிக்குறி, இரண்டு பக்கமும் மேற்கோள். மொத்தம் நாலு எழுத்து. வந்ததை எல்லாம் வந்தபடியே உள்ளே கொடு என்று அதற்குப் பொருள்.

பெட்டியை மறுபடி கட்டினார். நாலு நிமிடம் ஆனது. நாங்கள் காத்திருந்தோம்.

கட்டி முடிந்ததும் மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினார். மூன்று பெயரோடு கடைசியாகக் கிளப்பிய கட்டளை அப்படியே திரையில் வந்து நின்றது. அவர் கவனித்தாரா தெரியாது. பொத்தானைத் தட்டிவிட்டார்.

ஒரே ஒரு வரி வந்தது.

தெரியாத கரை: மரிய ரூபன்.

புரோகிராம் நின்றுவிட்டது.

தனிஸ்லாஸ் அந்த வரியின் மேல் கையை வைத்தார். திரையை மறைப்பதுபோல உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார்.

"இப்ப கேக்குது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. பாத்ரூம் போவதுபோல எழுந்தேன். போகாமல் அங்கேயே நின்றேன்.

போன் அடித்தது. மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. தனிஸ்லாஸ் எடுக்கவில்லை. நின்றது. மறுபடி அடித்தது.

"யாரு?" என்றார் குருவம்மா.

"தங்கச்சி."

"எடுக்கலையா?"

"நேரா போறேன் மேடம். உங்க தாள் இருக்குல்லா. அதைக் காட்டி, இன்ன மாதிரி வாசல் ஸ்கிரிப்ட்ல ஒரு பிழை, இப்ப சரிபண்ணியாச்சுன்னு சொல்லுதேன். எழுதினவன் நான்தான்னும் சொல்லிருதேன். மறைக்கல."

"சரி."

குடையைத் தேடினார். அது அவர் மடியிலேயே இருந்தது.

"சார்" என்றார் குருவம்மா. "புதன்கிழமையும் கூப்பிட்டாங்களா?"

தனிஸ்லாஸ் குடையை மேசைமேல் வைத்தார்.

நான் அன்றைக்கும் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். அவர் போனில் பேசியதைப் பார்த்தேன். யாரிடம் என்று கேட்டதில்லை. வள்ளம் காணாமல் போன விசாரணைக்கு அவர் எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்திலும் அப்படி ஒரு போன் இல்லை.

"மூணேகால் இருக்கும்" என்றார் தனிஸ்லாஸ்.

குருவம்மா காத்திருந்தார்.

"அனுப்பி முடிச்சிருந்தேன். அப்பத்தான் அடிச்சா. அண்ணே, அவுக வலை ஏத்துதாக, கடல் எப்படி இருக்குன்னு கேட்டா."

"நீங்க?"

தனிஸ்லாஸ் சுவரைப் பார்த்தார். நோட்டீஸ் அங்கே இருந்தது. வானிலைத் தகவல் எதையும் வீட்டாரிடமோ உறவினரிடமோ வாயால் சொல்லக் கூடாது, மெசேஜ் மட்டுமே. முன்பு ஒருவர் தன் மாமாவிடம் போனில் சொல்லப்போய், காற்று திசை மாறி, ஒரு ஊரே கடலுக்குப் போகாமல் பட்டினி கிடந்தது என்று பெரிய தகராறு. அதற்குப் பிறகு வந்த சட்டம். லேமினேட் செய்து ஒட்டியவர் தனிஸ்லாஸ்தான். கோணாமல் இருக்க ஸ்கேல் வைத்து அளந்து ஒட்டினார்.

"ஏதும் இருந்தா மெசேஜ் வரும்னேன்" என்றார்.

"அவங்க?"

"இன்னும் வரலியேண்ணேன்னா."

"நீங்க?"

"வரலேன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்மா, போகச் சொல்லுன்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "வேணும்னு அப்படிச் சொல்லல மேடம். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவோம். பழக்கம். மெசேஜ் ரெண்டு நிமிஷத்துல கிடைச்சிரும், படிச்சிட்டு வீட்டுல இருந்துருவாகன்னு நெனச்சேன். டீ வந்துது. வச்சிட்டேன்."

"தகவல் எனக்கு மூணு மணிக்கே தெரியும்" என்றார் தனிஸ்லாஸ், யாரிடமும் இல்லாமல்.

குருவம்மா மவுஸை எடுத்தார். பழைய வாசல் ஸ்கிரிப்ட்டை, திருத்துவதற்கு முன் இருந்த மூன்று வரியை, திரை முழுக்கப் பெரிதாக்கினார். திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். நாற்காலியை நகர்த்தித் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

தனிஸ்லாஸ் படித்தார். மூன்று வரிதான். மூன்று வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. மேலே இருந்த தன் பெயரில் ஆரம்பித்துக் கடைசி வரை வந்து, மறுபடி பெயருக்குப் போனார்.

சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார். மடிப்பைப் பிரித்து, உள்ளங்கையால் தேய்த்து நேராக்கி, குருவம்மாவின் மேசையில் வைத்தார்.

"இது உண்மைதான் மேடம்" என்றார்.

"உண்மைதான் சார்."

"இருக்கட்டும்."

போன் அடித்தது.

இந்தத் தடவை எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் சின்னதாக, கரகரவென்று எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மூன்று நாள் அழுத குரல்.

"அண்ணே. ஏதும் மெசேஜ் வந்துதா?"

"செசிலி" என்றார் தனிஸ்லாஸ். "அன்னைக்கு நீ கேக்கும்போதே எனக்குத் தெரியும்மா. நான்தான் உங்கிட்ட சொல்லல."

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"கேட்டுச்சா?" என்றார். பத்தொன்பது வருடம் வயர்லெஸ்ஸில் கேட்ட அதே குரலில் மறுபடி கேட்டார். "செசிலி, கேட்டுச்சா?"